ஒரகடத்தில் இறங்கும் அயலுறவு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அங்கிருந்து அரைமணி நேரம் வண்டியில் சுற்றினால், கம்பெனிப் பலகைகளைக் கொண்டே உலகப் படத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஜெர்மனி. ரெனோவும் செயின்ட் கோபேனும் பிரான்ஸ். கொமாட்சுவும் யமஹாவும் ஜப்பான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் சுங்குவார்சத்திரம் பக்கத்துச் சாம்சங்கும் தென்கொரியா. ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான். அந்தத் தைவானோடு இந்தியாவுக்குத் தூதரக உறவே கிடையாது, 1995 முதல் ஒரு சங்கத்தின் பெயரில் அலுவலகம் நடத்தித்தான் காரியம் நடக்கிறது.

அயலுறவு என்றால் எல்லைத் தகராறும் ஐ.நா. உரையும் தலைவர்கள் கட்டிக்கொள்ளும் படமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இந்தப் பகுதியில் அது வேறு உருவத்தில் வந்து இறங்குகிறது. ஒரு சுங்க வரி விகிதமாக, ஒரு பொறியாளரின் விசாவாக, துறைமுகத்தில் கிளியரன்ஸ் கிடைக்காத ஒரு பெட்டிக் காந்தமாக. அப்படி வருவதாலேயே அது அயலுறவு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஷிப்ட் குறைந்தால் கம்பெனி சரியில்லை என்போம். கம்பெனி போய்விட்டால் மாநில அரசு சரியில்லை என்போம்.

கார் ஆலை ஒன்றை நிறுவுகிறவர் இருபது, முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டுத்தான் நிலம் வாங்குகிறார். அவரைச் சுற்றி வரும் வென்டர் கம்பெனிகளும் அதே கணக்கை நம்பி வங்கிக் கடன் வாங்குகின்றன. ஆனால் அந்த ஆலையின் பிழைப்பைத் தீர்மானிக்கும் முடிவுகள் டெல்லியில் எடுக்கப்படும் வேகம் வேறு. வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒன்று, தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒன்று, எல்லையில் சம்பவம் எப்போது வேண்டுமானாலும். இந்த இரண்டு கால அளவுகளும் உரசும் இடங்களைத்தான் இங்கே ஒன்றொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

நல்ல உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். கிழக்கு ஆசியாவின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நரசிம்ம ராவ் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், உருப்பெற்றது. 1993 செப்டம்பரில் அவர் சியோல் போனார். 1996 பிப்ரவரியில் கொரிய அதிபர் கிம் யங்-சாம் இந்தியா வந்தார். அதே ஆண்டு ஹூண்டாய் இங்கே நிறுவனம் பதிவு செய்தது. 1998-இல் சாண்ட்ரோ வந்தது. அதன் பின் டெல்லியில் ஆட்சி பலமுறை மாறியது. ஐக்கிய முன்னணி, வாஜ்பாய், மன்மோகன் சிங் என்று யார் வந்தாலும் கொரியா பக்கம் வைத்த அடியை யாரும் பின்னெடுக்கவில்லை. 2010 ஜனவரி 1-இல் கொரியாவுடனான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நீண்ட நோக்கு நமக்கு வராத வித்தை என்று சொல்ல முடியாது. பெயர் வைக்காமல் பதினேழு ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறோம்.

அதே ஹூண்டாயிடம் மறுபக்கமும் இருக்கிறது. 2008-இன் இறுதியில் வந்த ஐ20 கார் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 2010 வாக்கில் ஐரோப்பாவுக்கான ஐ20 உற்பத்தி துருக்கியின் இஸ்மித் ஆலைக்குப் போனது. தொழிலாளர் பிரச்சினை, கப்பல் செலவு என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எளிய கணக்கு இருந்தது: துருக்கி 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்கக் கூட்டில் இருக்கிறது. அங்கிருந்து போகும் காருக்கு வரி இல்லை. சென்னையிலிருந்து போகும் காருக்கு உண்டு.

அந்த வரியைப் பேசித் தீர்க்கும் முயற்சி அப்போது நடக்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2007-இலேயே தொடங்கிவிட்டது. 2013-இல் அது நின்றது. 2022-இல் மறுபடி எடுத்தார்கள். பேச்சு முடிந்தது என்ற அறிவிப்பு 2026 ஜனவரியில் வந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! முதல் சுற்றில் மாட்டிக்கொண்ட முடிச்சுகளில் ஒன்று கார்தான். ஐரோப்பியக் கார்களுக்கு இந்தியா வரியைக் குறைக்க வேண்டும் என்றார்கள், இந்தியக் கார்த் தொழில் அமைப்புகள் கூடாது என்றன. வெளியே சந்தை வேண்டும், உள்ளே பாதுகாப்பும் வேண்டும் என்பது தொழிலின் இயல்பான ஆசை. இரண்டில் எது எத்தனை ஆண்டுகளுக்கு என்று முடிவு செய்ய வேண்டியது அரசு. அந்த முடிவைத்தான் அரசு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது. வியட்நாம் இதே காலத்தில் ஐரோப்பாவோடும் பசிபிக் நாடுகளோடும் ஆசியக் கூட்டமைப்போடும் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. இந்தியா அந்த ஆசியக் கூட்டிலிருந்து, ஏழாண்டு பேசிய பின், 2019 நவம்பரில் பாங்காக்கில் விலகியது. விலகியது தவறு என்று நான் சொல்லவில்லை. சீனப் பொருள்களைக் குறித்த அச்சம் நியாயமானது. விலகிய மறுநாள் அதற்கு மாற்றாக என்ன என்ற கேள்விக்கு விடை தயாராக இல்லை என்பதுதான் என் குறை.

சந்தை ஒரு பக்கம். வாக்குறுதி இன்னொரு பக்கம். அங்கேதான் ஒரகடம் இந்தியாவுக்கே ஒரு பாடத்தை நடத்திக் காட்டியது.

ரெனோவும் நிசானும் சேர்ந்து ஒரகடத்தில் ஆலை அமைக்க 2008-இல் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. வரியின் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது முதலான சலுகைகள் அதில் இருந்தன. ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. 2011-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. 2015-இல் தர வேண்டிய தொகை வரவில்லை என்றது நிசான். எவ்வளவு தர வேண்டும் என்பதில் அரசுக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம். இப்படிப்பட்ட சலுகைகளில் கணக்குத் தகராறு சகஜம். 2016 மார்ச்சில் நிறுவனத் தலைவர் கார்லோஸ் கோன் நேரடியாகப் பிரதமருக்கு எழுதினார். ஜூலையில் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. நிலுவை 2,900 கோடி ரூபாய், இழப்பீடு 2,100 கோடி, மேலே வட்டி என்று கேட்டார்கள்.

நோட்டீஸ் வந்தது தமிழக அரசின் மேல் அல்ல. இந்தியாவின் மேல். 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் முதலீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு அத்தியாயம் உண்டு. பன்னாட்டுச் சட்டத்தின் கண்ணில் ஒரு மாநில அரசு செய்வதும் செய்யத் தவறுவதும் அந்த நாட்டின் செயல்தான். ஆகவே கோட்டையில் கையெழுத்தான ஒரு சலுகைப் பத்திரம், ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் நீதிமன்றம் நிர்வகிக்கும் வழக்காக மாறியது. நடுவர்களுக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்ற இந்தியாவின் வாதம் 2019 ஏப்ரலில் தள்ளப்பட்டது. 2020-இல் சமரசமாக முடிந்தது.

ஜப்பான் ஒப்பந்தத்தின் அந்த அத்தியாயத்தைப் பேசியபோது, மாநிலங்கள் அள்ளித்தரும் சலுகைகளும் இதன் கீழ் வரும் என்பதைத் தொழில் துறை அதிகாரிகளுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா? சொல்லியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு நம்மிடம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு ஒப்பந்தம் முழுக்க ஒன்றியத்தின் அதிகாரம்; நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை, தொழிலாளர் அமைதி என்று அந்த ஒப்பந்தத்தை நடைமுறையில் சுமப்பது மாநிலம். ஒப்பந்தம் செய்யும் முறைக்கு ஒரு சட்டம் வேண்டும், மாநிலங்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்று 2010-இல், ஒன்றிய–மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. ஐரோப்பாவோடு பேசியபோது கனடா தன் மாகாணங்களைப் பேச்சு மேசைக்கே அழைத்துச் சென்றது. நமக்கு வெளியுறவு அமைச்சகத்தில் மாநிலங்களுக்கென்று ஒரு பிரிவு 2014-இல் வந்தது. வந்தவரைக்கும் நல்லது. ஆனால் அது முதலீட்டாளர்களை மாநிலங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும் வேலைக்கு ஏற்றதாகத்தான் இருக்கிறது. மாநிலத்தின் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதும்முன் அதனிடம் கேட்டாக வேண்டும் என்ற விதி எதுவும் அதனால் பிறக்கவில்லை.

இதற்கிடையே ஒன்றிய அரசு செய்தது என்ன? ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் 2011-இல் தோற்ற பின், வரிசையாக வழக்குகள் வந்ததால் அரசு மிரண்டது. 2016, 2017-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. புதிய மாதிரி ஒப்பந்தத்தில், வெளிநாட்டு முதலீட்டாளர் ஐந்தாண்டுகள் இந்திய நீதிமன்றங்களில் முயன்ற பிறகே வெளியே போகலாம் என்று எழுதினார்கள். நிசான் வழக்கை இது தொடவே இல்லை. அது வந்தது ஜப்பானோடான வர்த்தக ஒப்பந்தத்தின் வாசல் வழியாக. 2024-இல் அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் ஐந்து மூன்றானது. மாதிரியையே மாற்றியமைப்போம் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு. தோல்விக்குப் பயந்து கதவைச் சாத்தி, முதலீடு குறையுமோ என்று பயந்து பாதி திறப்பது ஒரு நிலைப்பாடு ஆகாது.

நோக்கியாவைச் சுருக்கமாகவே சொல்லலாம், இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தக் கதை இன்னும் மறக்கப்படவில்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தி தொடங்கியது. 2013 ஜனவரியில் வருமான வரிச் சோதனை. பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்துக்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்று 2,000 கோடிக்கு மேல் கேட்டது துறை. சொத்து முடக்கப்பட்டதால், 2014-இல் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையைச் சேர்க்க முடியவில்லை. அந்த நவம்பரில் லைன் நின்றது. நோக்கியாவின் கைப்பேசித் தொழில் எப்படியும் சரிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வரித் தகராறு பிறகு எப்படித் தீர்ந்தது என்று பாருங்கள். இந்திய–பின்லாந்து இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, 2018-இல் சுமார் 20 கோடி யூரோவுக்கு முடித்தார்கள். அந்த வழி 2013-லும் இருந்தது. உடன்பாட்டுக்கு ஐந்தாண்டு ஆனது. அதற்குள் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை இழந்து ஊர் திரும்பிவிட்டார்கள்.

இப்போது சீனாவுக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும்விடச் சிக்கலானது இதுதான்.

2020 ஏப்ரலில், நில எல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. ஜூனில் கல்வான் எல்லை மோதல். அதன் பின் சீனப் பொறியாளர்களுக்கு விசா கிடைப்பது பெரும்பாடானது. அதே ஆண்டுதான் கைப்பேசி உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டமும் வந்தது. ஒரு அமைச்சகம் ஃபாக்ஸ்கானைக் கூட்டிவந்து இயந்திரம் நிறுவச் சொன்னது, இன்னொரு அமைச்சகம் அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவருக்கு விசா மறுத்தது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இன்ன இயந்திரத்துக்கு இத்தனை பேர் இத்தனை ஆண்டு வரலாம், அதற்குள் நம் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய ஆளில்லை. 2025-இல் நிலைமை தலைகீழானது. நம் விசா கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. முன்பு தடுத்தது நாம். இப்போது அனுப்ப மனமில்லாதது அவர்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 4-இல் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு விதித்தது. மின்வண்டியின் மோட்டாரில் இந்தக் காந்தம் உண்டு. சாதாரணக் காரின் பவர் ஸ்டீயரிங்கிலும் உண்டு. கையளவு பொருள், விலையும் பெரிதில்லை. அது வராவிட்டால் முழு வண்டியும் லைனில் நிற்கும். சில மாதங்கள் இந்தியக் கார்த் தொழில் முழுவதும் கையிருப்பை எண்ணிக்கொண்டிருந்தது.

இது எதிர்பாராத அடி என்று சொல்ல முடியாது. 2010 செப்டம்பரில், ஒரு மீன்பிடிப் படகு மோதலைத் தொடர்ந்து ஜப்பானுக்கு இதே பொருளைச் சீனா நிறுத்திவைத்தது. ஜப்பான் அன்று விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அரசு அமைப்பும் ஒரு வணிக நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸ் சுரங்க நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டன. காந்தத்தில் அரிய மண்ணின் அளவைக் குறைக்கும் ஆராய்ச்சி நடந்தது. பிரதமர்கள் மாறினார்கள், ஆளும் கட்சியே மாறியது, திட்டம் நின்றுவிடவில்லை. சீனாவைச் சார்ந்திருந்த அளவு ஏறத்தாழ 90 சதவீதத்திலிருந்து 60 சதவீத அளவுக்கு இறங்கியது. பாதிக்கு மேல் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தும் அவ்வளவுதான் முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஜப்பான் அன்று கதவு தட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் 1950 முதல் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் அதற்கு ஆலை உண்டு. அந்தக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில்தான் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் இருக்கிறது. 2012-இல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு, பிறகு டொயோட்டா சூஷோ வழியாக அங்கே அனுப்பத் தொடங்கினோம். ஜப்பான் அதைக் காந்தமாக்கக் கற்று வைத்திருந்தது, நாம் மூலப்பொருளை விற்றதோடு நின்றோம். 2025 ஜூனில், நமக்கே தட்டுப்பாடு என்று அந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னது அரசு. மணவாளக்குறிச்சிக்கும் ஒரகடத்துக்கும் ஒரு பகல் பயணம். நம் அரிய மண் ஜப்பானுக்குப் போயிருக்கிறது. ஒரகடத்துக்குக் காந்தமாக வரும் வழியை யாரும் போடவில்லை. மணலில் தோரியம் கலந்திருப்பதால் அணுசக்தித் துறையின் கட்டுப்பாடுகள் உண்டு, மக்களின் கடற்கரை பற்றிய அச்சமும் பொய்யில்லை. கிடைத்த பதினைந்தாண்டு அவகாசத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவற்றையும் முறையாகப் பேசித் தீர்த்திருக்கலாம். தட்டுப்பாட்டு நேரத்தில் அவசரமாக எடுக்கும் முடிவில் கடலோர மக்களின் குரல்தான் முதலில் அடங்கிப்போகும்.

அமெரிக்காவின் பக்கம் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்கள் பெரும்பாலானவற்றின் மேல் 50 சதவீத வரி விழுந்தது. திருப்பூர் பனியன் அதில் மாட்டியது. சுங்குவார்சத்திரத்து ஐபோன் மாட்டவில்லை. ஏப்ரலிலேயே திறன்பேசிகளுக்கு வாஷிங்டன் விலக்கு அளித்திருந்தது. அது டெல்லி பேசி வாங்கியதல்ல. அமெரிக்க வாடிக்கையாளருக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கும் வலிக்காமலிருக்க அவர்கள் தமக்கே கொடுத்துக்கொண்ட விலக்கு. ஒரு கையெழுத்தில் கிடைத்தது இன்னொரு கையெழுத்தில் போகலாம். அந்த ஐபோன் ஏற்றுமதியை நம்பித்தான் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி எழுந்து நிற்கிறது. 706 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் கட்டியது.

கொள்கையை எழுதி வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது, நேரத்துக்குத் தக்கபடி வளைவதுதான் இந்தியாவின் பலம் என்று ஒரு வாதம் உண்டு. ரஷ்ய எண்ணெயும் அமெரிக்கச் சந்தையும் ஒருசேர வேண்டும் என்னும் நாட்டுக்கு அந்த நெளிவு தேவைதான். ஆனால் நெளிவின் விலையையும் இந்த மண்ணே பார்த்திருக்கிறது. 1983-க்குப் பின் ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி, 1987 ஜூலையில் கொழும்போடு ஒப்பந்தம், சில மாதங்களிலேயே நாம் பயிற்றுவித்தவர்களோடு நம் படைக்கே போர், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களைப் பறிகொடுத்து 1990 மார்ச்சில் வெளியேற்றம், 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை. கொலைக்குப் பொறுப்பு கொன்றவர்களுடையது. எட்டாண்டுகளில் மூன்று நிலைப்பாடுகள் மாறியது, இலங்கைத் தமிழர் விஷயத்தில் நமக்குக் கடைசியில் என்ன வேண்டும் என்பதை யாரும் எழுதிவைக்காததால். அதிலும் மாநிலத்தின் குரல் ஒரு சமயம் அளவுக்கு மீறிக் கேட்டது, மறு சமயம் கேட்கவே இல்லை.

ஆகவே தேவைப்படுவது எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லும் தடித்த புத்தகம் அல்ல. ஜப்பான் 2013-இல் தன் தேசியப் பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது. ஒன்பதாண்டு கழித்துத் திருத்தியது. இரண்டையும் யாரும் படிக்கலாம். இந்தியாவில் அப்படி ஓர் ஆவணம் இதுவரை வெளிவந்ததில்லை. எழுதினால் அதில் ஒரகடத்துக்கு விடை வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்தப் பொருள்களில் ஒரே நாட்டை நம்பியிருக்க மாட்டோம், அதற்கு எத்தனை ஆண்டுக் கெடு? எந்தச் சந்தைகளுக்காக எந்த உள்நாட்டு வரியை விட்டுக்கொடுக்கத் தயார்? மாநிலம் தந்த வாக்கை ஆட்சி மாறினாலும் யார் காப்பது? சீனாவின் முதலீடும் ஆள்களும் எந்தத் துறையில் வரலாம், எதில் கூடாது? இன்னொன்று, தொழிலாளர் உரிமை. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அதற்கென்றே அத்தியாயம் இருக்கிறது. சங்கத்தைப் பதிவு செய்யவே 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்த ஒரு பகுதியிலிருந்து போகும் பொருளை நாளை ஐரோப்பிய வாடிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்பதும் இனி அயலுறவுக் கேள்விதான்.

காந்தத்துக்கு மட்டும் ஒரு தொடக்கம் தெரிகிறது. 2025 நவம்பர் 26-இல் ஒன்றிய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் அரிய மண் காந்தம் உள்நாட்டிலேயே செய்வது இலக்கு. காலம் ஏழாண்டு, அதில் முதல் இரண்டு ஆலை கட்டுவதற்கு. 2029 மக்களவைத் தேர்தல் அந்த ஏழாண்டுக்கு நடுவில் வருகிறது. தமிழகத்தில் 2031-இலும் ஒன்று.